நம் உடம்பிலும் ஒரு சேமிப்பு உண்டு

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



ரப்பர் பால் வெட்டிவிட்டு நேராக வந்தவர்கள் இருக்கிறீர்கள். அண்டி ஆபீசில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். கடற்கரையில் இருந்து மீன் வியாபாரத்தை முடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கிக் கடன் பாக்கி எவ்வளவு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு ஒரு சேமிப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். அது நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கிறது. பாஸ்புத்தகம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் நாங்கள், அதாவது உங்கள் கூட்டமைப்பின் பொறுப்பாளர்கள், இரண்டு தடவை தோற்றுப்போனோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதல் தோல்வி

இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதற்குப் பிறகு உதிரப்போக்கு நிற்கவில்லை. ராத்திரி பதினோரு மணி. ஆஸ்பத்திரியில் இருந்த இரத்தத்தை ஏற்றினார்கள். இன்னும் தேவைப்படும், ஆட்கள் இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்கள்.

வராந்தாவில் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் நின்றார்கள். அத்தனையும் நல்ல தடியான ஆண்கள். ஒருவர், "எனக்கு சுகர் உண்டு" என்றார். ஒருவர், "அடுத்த மாசம் கல்ஃபுக்கு மெடிக்கல் இருக்கு" என்றார். ஒரு அம்மா தன் மகனைக் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், "இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல்ல, இவனை விடுங்கோ" என்றாள். கடைசியில் வேறு யாரையோ பார்க்க வந்திருந்த இரண்டு பையன்கள் முன்னால் வந்தார்கள். கொடுத்தார்கள். பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தப் பெண் பிழைத்தாள்.

மறுநாள் வீட்டுப் பெரியம்மை கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "அதுவ எந்த ஆளுவளுக்க பிள்ளைய?"

நாம் சிரிக்கிறோம். ஆனால் அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நாங்களும் ஐந்து பேர் அந்த ராத்திரியில் கொடுக்கப் போனோம். விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9. இன்னொருவருக்கு 10. மூன்றாவது ஆளுக்குப் பத்தரை. நான்காவது ஆளுக்கு இரத்தம் சரி, எடை 42 கிலோ. ஐந்து பேரில் ஒருவரிடம் மட்டும்தான் எடுத்தார்கள். ஊரெல்லாம் போய்ப் பெண்கள் முன்னேற்றம் பேசுகிற எங்களுக்கு, கொடுக்க மனசு இருந்தும் உடம்பில் இல்லை. அதுதான் எங்கள் முதல் தோல்வி.

குழுப் பெட்டியும் இரத்த வங்கியும்

இரத்த வங்கி எப்படி நடக்கிறது என்று விளக்க வேறு உதாரணம் தேட வேண்டாம். நம் குழுவேதான். வாரா வாரம் எல்லோரும் சந்தா போடுகிறோம். போட்ட அன்றைக்கே யாரும் கடன் எடுப்பதில்லை. ஒருத்தி மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தால் பெட்டியில் பணம் தயாராக இருக்கிறது. அது யார் போட்ட நோட்டு என்று அவள் கேட்பதில்லை. யாருமே சந்தா போடாமல் அவசரம் வந்த பிறகு வீடு வீடாக ஓடினால் என்ன ஆகும்? அந்த ராத்திரி வராந்தாவில் நடந்தது அதுதான்.

இரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. மனுஷன்தான் மனுஷனுக்குக் கொடுக்க முடியும். அதுவும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. ஒரு பை இரத்தத்தைப் பிரித்து மூன்று பேர் வரைக்கும் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு அணுக்கள் சுமார் 35 முதல் 42 நாள் இருக்கும். தட்டணுக்கள் ஐந்து நாள்தான். பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதியை உறையவைத்து ஒரு வருடம் வைக்கலாம். ஆகவே கோயில் கொடை மாதிரி வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் கூடிக் கொடுத்தால் போதாது. கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்க வேண்டும், நம் சந்தா மாதிரி.

ஒரு காலத்தில் இரத்தத்தை விலைக்கு விற்றார்கள். பசிக்காகத் திரும்பத் திரும்ப விற்றவர்கள் இருந்தார்கள். நோயும் அதோடு பரவியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் இரத்தத்தை விற்பது தடை செய்யப்பட்டது. இப்போது தன் மனசால் கொடுப்பவர்களை நம்பித்தான் எல்லா ஆஸ்பத்திரியும் நடக்கிறது.

பயம் தீரட்டும்

"இரத்தம் கொடுத்தா உடம்பு போயிரும்" என்று சொல்லுவார்கள். நம் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் எடுப்பது 350 மில்லி. எடை 55 கிலோவுக்கு மேல் உள்ளவர்களிடம் 450 மில்லி வரை எடுப்பார்கள். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். அணுக்கள் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். எடுக்கிற நேரம் பத்து நிமிடம்கூட ஆகாது. பிறகு கொஞ்ச நேரம் படுத்திருந்து, பழச்சாறு குடித்து, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வரலாம். அன்றைக்கு மட்டும் கனமான சுமை தூக்க வேண்டாம், மரம் ஏற வேண்டாம்.

"ஊசியில நோய் ஒட்டிரும்" என்பது இன்னொரு பயம். ஒருவருக்குப் போட்ட ஊசியையும் பையையும் இன்னொருவருக்குப் போடுவதில்லை. உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிப்பார்கள். பிரித்தார்களா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம், கேட்கலாம்.

"அடுத்தவன் இரத்தம் ஏத்தினா அவனுக்க நோய் நமக்கு வருமே?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள இரத்தம் ஏற்றப்பட்டது தெரிய வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. அதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரத்தம் கொடுத்த பையனுக்குத் தன் உடம்பில் கிருமி இருப்பது தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த உடனே அவனே வந்து சொன்னான். பிறகு அந்தப் பையன் உயிரையே மாய்த்துக்கொண்டான். இரண்டு குடும்பத்துக்கும் பெரிய துயரம்.

எடுக்கிற ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கொடுக்கும்போது அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்வது நம் கடமை. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, பச்சை குத்தினீர்களா, ஆபரேஷன் நடந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் இன்னொரு வீட்டில் இழவு விழும்.

யார் கொடுக்கலாம்? 18 வயது முதல் 65 வயது வரை. எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிற தாய்மார்களும், பிரசவம் ஆகி ஒரு வருடம் ஆகாதவர்களும் கொடுக்கக் கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம். நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்த வங்கி இருக்கிறது. யாருக்காவது தேவை வரட்டும் என்று காத்திராமல் போய்க் கொடுக்கலாம்.

நம் இரத்தம் ஏன் குறைகிறது?

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் இரத்தசோகை உள்ளவர்கள். பேறுகால மரணத்துக்குப் பெரிய காரணம் இரத்தப்போக்கு. இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அதிகமாக இரத்தம் தேவைப்படுகிறவர்களும் நாம்தான், கொடுக்கப் போனால் திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் நாம்தான்.

காரணம் நமக்கே தெரியும். மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு, அடுத்தது மகனுக்கு, குழம்பு நமக்கு. காலையில் ஒரு கட்டன் சாயா, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு, ராத்திரி மிச்சம் இருப்பது. சாப்பிட்ட உடனே சாயா குடிக்கிற பழக்கம் வேறு. சாயா, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

விலை கூடிய டானிக் தேவையில்லை. முருங்கைக் கீரை வேலியிலேயே நிற்கிறது. சாளை மீன், ஈரல், பயறு, எள்ளு எல்லாம் நம் ஊரில் கிடைக்கிறது. கூடவே ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் பரணில் வைக்க வேண்டாம், சாப்பிடுங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறவர்கள், "பொம்பளைக்கு இது சகஜம்" என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்றைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் நான்கு பேரில் இரண்டு பேர் இப்போது பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டோம். இரண்டு பேரும் ஒரு தடவை இரத்தமும் கொடுத்தாகிவிட்டது. மற்ற இரண்டு பேரும் விடவில்லை, முயற்சி நடக்கிறது.

இரண்டாவது தோல்வி

இது சொல்லக் கொஞ்சம் கஷ்டமானது. சம்பந்தப்பட்ட தாய் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறோம்.

நம் சகோதரி ஒருவருடைய மகன் பைக் விபத்தில் சிக்கினான். ஹெல்மெட் இல்லை. தலையில் அடி. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர்கள் கூப்பிட்டு, மூளைச்சாவு ஆகிவிட்டது என்றார்கள். பிறகு ஒருவர் மெதுவாக வந்து, உறுப்புகளைக் கொடுக்க விருப்பம் உண்டா என்று கேட்டார். கட்டாயம் இல்லை என்றும் சொன்னார்.

அந்தத் தாய் எங்களைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. நீங்க சொல்லுங்கோ, நான் என்னா செய்ய?" என்று கேட்டாள். கடன் விண்ணப்பம் எழுதத் தெரிந்த எங்களுக்கு, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கத் தெரிந்த எங்களுக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. மூளைச்சாவு என்றால் என்ன என்றே தெரியாது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, எப்படிச் செத்துவிட்டான் என்று சொல்வது? பின்னால் நின்ற ஒருவர், "பிள்ளைய முழுசா வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம். அதோடு முடிந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனோம். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு ஒரு ஆளாவது எனக்கு விளங்கவச்சிருந்தா, அவனுக்க கண்ணாவது இப்ப எங்கயாவது பாத்துக்கிட்டு இருக்கும்."

வேண்டாம் என்று அவள் முடிவெடுத்திருந்தால் அது அவள் உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அவள் முடிவெடுக்கவே இல்லை. தெரியாமையும் பயமும் அவளுக்காக முடிவெடுத்தன. அதற்கு நாங்களும் கூட நின்றோம்.

மூளைச்சாவு என்றால் என்ன?

அதற்குப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

மயக்கம் வேறு, கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் மூளைக்கு உயிர் உண்டு, சிலர் எழுந்து வருவார்கள். மூளைச்சாவில் மூளையின் அடித்தண்டு முழுதாக நின்றுபோகிறது. தானாக மூச்சுவிட முடியாது. வெண்டிலேட்டர் என்கிற இயந்திரம் காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இதயம் இன்னும் கொஞ்ச நேரம் துடிக்கும், பிறகு அதுவும் நிற்கும். அதில் இருந்து யாரும் திரும்பி வருவதில்லை.

இதைத் தீர்மானிக்க 1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் முறை இருக்கிறது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு சோதிக்க வேண்டும். ஒரு தடவை போதாது. குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டாம் தடவையும் சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. "உறுப்புக்காகச் சீக்கிரம் கொன்னுருவாங்க" என்ற பயத்துக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

அப்படி ஒருவர் கொடுத்தால் இதயம், இரண்டு நுரையீரல், கல்லீரல், இரண்டு சிறுநீரகம், கணையம், குடல் என்று எட்டு உறுப்புகள் வரை பயன்படும். குடும்பத்திடம் அதற்குப் பணம் கேட்க மாட்டார்கள், குடும்பத்துக்குப் பணம் கொடுக்கவும் கூடாது. உடம்பை ஒழுங்காகத் தைத்துத்தான் தருவார்கள். விபத்தில் இறந்தால் எப்படியும் பிரேதப் பரிசோதனை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். முழுசாகக் கொண்டுபோகிறோம் என்று நாம் நினைப்பது பல நேரம் நடப்பதில்லை.

ஹிதேந்திரனை நினைத்துக்கொள்வோம்

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி. அவர்கள் மகன் ஹிதேந்திரனுக்கு 15 வயது. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். பெற்ற இரண்டு பேரும் டாக்டர்கள், இனி திரும்பமாட்டான் என்பது அவர்களுக்கு விளங்கியது. உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். சென்னையில் அவன் இருந்த ஆஸ்பத்திரியில் இருந்து முகப்பேரில் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு இதயத்தைக் கொண்டுபோக வேண்டும். நெரிசலான சாலை. போலீசார் வழி ஒழுங்கு செய்து பதினொரே நிமிடத்தில் கொண்டு சேர்த்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அந்த இதயம் பொருத்தப்பட்டது.

அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றி வீட்டு முற்றத்தில் பேச ஆரம்பித்தார்கள். அரசும் முறையான திட்டம் கொண்டுவந்தது. 2014-ல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் உருவானது. யாருக்கு உறுப்பு போக வேண்டும் என்பதைப் பதிவு வரிசைப்படி அது ஒழுங்கு செய்கிறது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். கூலி வேலை செய்தவர் என்றாலும் அதே மரியாதைதான்.

"சாமி என்ன சொல்லும்?"

இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். நம் மாவட்டத்தில் சுசீந்திரமும் உண்டு, கோட்டாறு சவேரியார் கோயிலும் உண்டு, தக்கலை பீர்முகமது அப்பா தர்காவும் உண்டு.

கண்ணப்ப நாயனார் தன் கண்ணையே எடுத்துச் சாமிக்கு அப்பினார் என்று கதை கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபி மன்னனைத் தெரியாதவர்கள் உண்டா? கத்தோலிக்கரின் போப்பாண்டவராக இருந்த இரண்டாம் ஜான் பால், 2000-ல் ரோமில் நடந்த உறுப்பு மாற்று மருத்துவர் மாநாட்டிலேயே உறுப்பு தானத்தை அன்பின் செயல் என்று ஏற்றுப் பேசினார். 1988-ல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நிபந்தனைகளோடு அதை ஏற்றுக்கொண்டார்கள். கேரளாவில் டேவிஸ் சிறமேல் என்ற பாதிரியார் 2009-ல் தன் சிறுநீரகத்தை வேற்று மதத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார்.

"கண்ணைக் கொடுத்தா அடுத்த பிறவியில குருடாப் பொறப்போம்" என்று சொல்லுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். எரிக்கிற உடம்பின் கண் எங்கே போகிறது? புதைக்கிற உடம்பின் கண் எங்கே போகிறது?

சாதி, மதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதத்தின் பேரால் மோதிக்கொண்டதைப் பார்த்த மாவட்டம் இது. கார்ல் லேண்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி 1901-ல் இரத்தத்தில் பிரிவு உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்தப் பிரிவு ஏ, பி, ஓ, ஏபி என்பதுதான். அந்தப் பட்டியலில் நம் சாதி எதுவும் இல்லை. பெரியம்மை கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

கொடுப்பது வேறு, விற்பது வேறு

இதை நம் குழுக்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு வடசென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் பலர் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றது 2007-ல் வெளியே வந்தது. 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் பிடித்ததாகப் புகார் வந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். கந்துவட்டிக்காரனும் நுண்கடன் வசூல்காரனும் வாசலில் நிற்கும்போது தரகன் நல்லவன் மாதிரி வருவான். கடன் நெருக்கடியில் இருக்கிற சகோதரி முதலில் குழுவிடம் வாயைத் திறக்க வேண்டும். அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்காமல் குழு காது கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தியா முழுக்க, உயிரோடு இருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி கணவனுக்குக் கொடுக்கிறாள், தாய் மகனுக்குக் கொடுக்கிறாள். அன்பினால் கொடுப்பதை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் மாமியார் வீட்டுக் கட்டாயத்தால் எந்தப் பெண்ணும் கொடுக்க வேண்டியதில்லை. "எனக்கு மனசு இல்லை" என்று டாக்டரிடம் தனியாகச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு அதிகமாகக் கிடைத்தால் உயிரோடு இருக்கிற பெண்களை வெட்ட வேண்டிய தேவையும் குறையும்.

அடுத்த கூட்டத்துக்குள் மூன்று காரியம்

சகோதரிகளே, எங்கள் இரண்டு தோல்வியில் இருந்தும் நாங்கள் படித்தது ஒன்றுதான். தானம் என்பது வராந்தாவில் நின்று முடிவெடுக்கிற காரியம் இல்லை. அழுகையும் அவசரமும் இல்லாத ஒரு நாளில், வீட்டில் உட்கார்ந்து பேசி வைக்க வேண்டிய காரியம். அதற்காக மூன்று தீர்மானம் கொண்டுவருகிறோம். தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் இரத்தப் பிரிவும் பார்த்துவிட வேண்டும். குறைவாக இருந்தால் வெட்கம் இல்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்.

இரண்டு. விருப்பம் உள்ளவர்களின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் வைத்திருக்க வேண்டும். நம் பெயர் மட்டும் போதாது. கணவர், மகன், தம்பி, மருமகன் எல்லோரையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் இரத்தப் பிரிவோடு எழுதுங்கள். சுகர், கல்யாணம் என்று சாக்குச் சொல்கிறவர்களைக் கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

மூன்று. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு வீட்டில் பேசுங்கள். "எனக்கு ஒண்ணு ஆனா என் கண்ணைக் கொடுத்துருங்கோ" என்றோ, "எனக்கு அதில் மனசு இல்லை" என்றோ, எதுவானாலும் வாயால் சொல்லிவிடுங்கள். உறுப்பு தானத்துக்கு அட்டை எழுதிக் கொடுத்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தாரைத்தான் கேட்பார்கள். ஆகவே அட்டையை விடப் பேச்சு முக்கியம். அடுத்த கூட்டத்தில் என்ன முடிவு என்று கேட்க மாட்டோம். "பேசியாச்சா?" என்று மட்டும் கேட்போம்.

கண் தானத்துக்கு மூளைச்சாவு ஆக வேண்டியதில்லை. வீட்டில் வயதாகி இறந்தவரும் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவரும், புரை ஆபரேஷன் செய்தவரும், சர்க்கரை உள்ளவரும் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, 104 எண்ணுக்கோ பக்கத்தில் உள்ள கண் வங்கிக்கோ சொன்னால் போதும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முகம் விகாரமாகத் தெரியாது.

கடைசியாக ஒரு செய்தி. மகனைப் பறிகொடுத்த அந்தச் சகோதரி இன்றைக்கும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அவர் தன் இளைய மகளையும் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, தனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்களிடமும் சொன்னார்: "எனக்க வீட்டுல பேசியாச்சு. இனி நீங்க உங்க வீட்டுல பேசுங்கோ."

அவர் சொன்னதைத்தான் நாங்களும் உங்களிடம் சொல்கிறோம்.